துணைத்தலைவர் கையெழுத்து

இல்ல சார், நான் தலைவர் கிடையாது. கண்டக்டர் ஏதோ பழக்கத்துல அப்படிக் கூப்பிடுதாரு. துணைத்தலைவர். அதுவும் முன்னாள். மஞ்சணத்திகுளம் பேரூராட்சி. நீங்க எங்க, தென்காசி வரைக்குமா? அப்ப எங்க ஊரத் தாண்டித்தான் போவணும்.

கோர்ட்டுக்குப் போயிட்டு வாறேன். என் மேலதான் கேஸ். என்னைய அப்படிப் பாக்காதிய. கேஸ்ல மாட்டுத மூஞ்சியா இதுன்னு எல்லாரும்தான் கேக்காவ. இத்தன வயசுக்கு ஒருத்தன ஒரு அடி அடிச்சது கிடையாது. ஒரு பொம்பளப் பிள்ளைக்கு நல்லது நெனச்சேன், அதுல வந்தது எல்லாம்.

எட்டு வருசம் ஆச்சு. எங்க ஊர்த் தலைவர் பதவிய அந்தத் தடவ பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாவ. அதுக்கு முந்திப் பத்து வருசம் ஒன்றியம்தான் தலைவரு. ஒன்றியம்னா ஆளு. கட்சியில ஒன்றியச் செயலாளர், சவுந்திரபாண்டின்னு பேரு. ஊருக்குள்ள யாரும் பேரச் சொல்ல மாட்டோம். ஒன்றியம் வாராரு, ஒன்றியம் சொல்லிட்டாருன்னுதான் பேச்சு. அவரு சம்சாரத்த நிறுத்தலாம்னா அந்தம்மா ஏற்கெனவே மாவட்டத்துல ஒரு பதவியில இருக்கு. என்னையக் கூப்பிட்டாரு. "நம்பிராசன், மரியாதையான பொம்பளையா ஒண்ணு சொல்லும். கையெழுத்துப் போடணும், கேள்வி கேக்கக் கூடாது"ன்னாரு.

நான் சொன்னேன், முப்பிடாதின்னு.

என் வீட்டுக்கு எதுத்தாப்புல தையல் கடை வச்சிருந்தா. புருஷன் கேரளாவுல வேலைக்குப் போன இடத்துல செத்துப் போனான். ஒரே ஒரு மக. என் சம்சாரம் பகவதிக்கு ஜாக்கெட் தச்சுக் குடுத்துப் பழக்கம், என்னைய சித்தப்பாம்பா. தெருவுல தண்ணி வரலன்னா பொம்பளைகளச் சேத்துக்கிட்டு கொடத்தோட பேரூராட்சி ஆபீஸ்ல போயி உக்காந்துருவா. சத்தம் போட மாட்டா. தண்ணி வாற வரைக்கும் எந்திரிக்கவும் மாட்டா. அதனால நாலு தெருவுல அவளுக்கு மதிப்பு. ஓட்டு விழும், நம்ம சொன்னா கேப்பா. இப்படித்தான் நான் நெனச்சேன்.

"எனக்குச் சட்டம் ஒண்ணும் தெரியாதே சித்தப்பா"ன்னா.

"நான் இருக்கேன்லாம்மா பக்கத்துல."

"நீங்க இருக்கியன்னா நிக்கேன்."

அவ வாயால சொன்னது சார். ஜெயிச்சா. நான் துணைத்தலைவர். நாற்காலியில உக்காந்த அன்னைக்கி என் காலத் தொட்டுக் கும்பிட்டா. பகவதிக்கு அழுகையே வந்துட்டு.

முத வாரமே ஒரு வேல செஞ்சேன். சனங்க ஆஸ்பத்திரிக்கு, காலேஜுக்குன்னு சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்துக்கிட்டே இருப்பாவ. அவ தையல் கடையில இருப்பா. ஒவ்வொரு தடவையும் தேடி ஓட முடியுமா? தலைவர் பேரு அடிச்ச லெட்டர்பேடுல எட்டுத் தாள்ல கையெழுத்து வாங்கி வச்சேன். "வெறுந்தாள்ல போடலாமா சித்தப்பா?"ன்னு கேட்டா. "கையெழுத்துதானம்மா, நான் என்ன உன் வீட்டையா எழுதி வாங்கப் போறேன்"ன்னு சிரிச்சேன். அவளும் சிரிச்சா. போட்டுக் குடுத்தா. அதுல மூணு தாள்ல நெசமாவே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தேன். அத யாரும் பேச மாட்டேங்கா.

பொறவு தீர்மானப் புத்தகம். கூட்டத்துல என்ன முடிவு பண்ணினோமோ அத எழுதுத புத்தகம். எங்க பழக்கம் என்னன்னா, கடைசித் தீர்மானத்துக்குக் கீழ அரைப் பக்கத்த வெறுசா விட்டுருவோம். பின்னால ஏதாவது அவசரமாச் சேக்க வேண்டியது வந்தா சேத்துக்கிடலாம்லா? காலங்காலமா உள்ளதுதான். மூணாவது கூட்டத்துக்கு வரும்போது அவ கடையில இருந்து துணி அளக்குத மர ஸ்கேலக் கொண்டாந்தா. அந்த வெத்து இடத்துல மூலைக்கு மூலை சிவப்பு மையால கோடு கிழிச்சு, கோட்டுக்கு மேலயே கையெழுத்துப் போட்டா.

"இதென்னம்மா?"ன்னேன்.

"மிச்சத் துணிய அப்படியே மேசையில விட்டா யாராவது எடுத்துருவாங்க சித்தப்பா."

எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். ஒன்றியத்துட்ட போயிச் சொன்னேன், அவரு மட்டும் சிரிக்கல.

ரெண்டாம் வருசம் புது பஸ் ஸ்டாண்டு வந்தது. எங்க ஊர்க் குளம் நெறஞ்சா உபரித் தண்ணி போறதுக்கு மறுகால் ஓடைன்னு ஒண்ணு இருக்கு. இருந்தது. அத மூடி அது மேல பஸ் ஸ்டாண்டு. ஓடைக்கு ரெண்டு பக்கமும் ஒன்றியத்தோட மச்சினன் எடம். பஸ் ஸ்டாண்டு வந்தா அந்த எடத்து வெல எங்க போயி நிக்கும்னு உங்களுக்கே தெரியும். தீர்மானத்த அவரு வீட்டுல வச்சு டைப் அடிச்சு என் கையில குடுத்து விட்டாரு. நான் கொண்டு போயி அவ தையல் மெஷின் மேல வச்சேன்.

மறுநாள் அவ ஓடைக்குப் போயிட்டா. துணி அளக்குத டேப்ப வச்சு அகலம் பாத்திருக்கா. தாலுகா ஆபீஸ்ல போயி வரைபடம் வாங்கியிருக்கா. வந்து சொல்லுதா:

"இது ஓடை சித்தப்பா. இத மூடுனா குளத்துத் தண்ணி எங்க போவும்? நேரா கீழக்காலனிக்குள்ளதான்."

"குளம் நெறஞ்சு இருவது வருசம் ஆச்சு தாயி."

"நெறஞ்சா?"

வானத்துல உள்ளவன் கிட்டயா கேக்க முடியும்? கூட்டத்துல எங்க பதினாலு பேரு முன்னாலயும் எந்திரிச்சு நின்னு, இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. எடம் வேணும்னா மேற்க கிடக்கு, தரிசு, யாருக்கும் பாதகம் இல்ல, அங்க கட்டலாம்னு வரைபடத்த விரிச்சுக் காட்டுதா. யாரும் குனிஞ்சு பாக்கல. ஒன்றியம் பாக்கச் சொல்லலியே.

அன்னைக்கிச் சாயங்காலம் ஒன்றியம் கூப்பிட்டு விட்டாரு. மோர் குடுக்கச் சொன்னாரு. "நீருதான் கூட்டியாந்தீரு. நீரே பாத்துக்கிடும்"ன்னாரு. கோவமே இல்ல. பொறவு, "இசக்கி நல்லா வேல பாக்கான்"ன்னாரு. இசக்கி என் மகன். அவரு கல் ஒடைக்குத கிரஷர்லதான் வேல. அவரு நம்மள ஏசினா ஒண்ணும் இல்ல சார். நம்ம பிள்ளைய விசாரிச்சாருன்னாத்தான் பயப்படணும்.

"அந்தப் பிள்ள கையெழுத்துப் போட்ட தாளு மிச்சம் இருக்கோ?"ன்னு கேட்டாரு.

அது அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் என்னைக்கோ பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன். அஞ்சு இருந்தது. குடுத்தேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. அதுல ஒரு எழுத்து நான் எழுதல. என் கையால ஒரு புள்ளி வைக்கல. இத கோர்ட்டுல யாருமே கேக்க மாட்டேங்கா.

ஒரு மாசத்துல அவ லெட்டர்பேடுல, அவ கையெழுத்தோட ஒரு கடிதம் ஊரெல்லாம் சுத்துது. ஓடைப் புறம்போக்குல அவ அம்மாவுக்கு ஒரு வீட்டுமனை ஒதுக்கிக் குடுத்தா பஸ் ஸ்டாண்டு தீர்மானத்துக்கு ஒத்துக்கிடுதேன்னு அவளே எழுதின மாதிரி. சுவர்ல ஒட்டியிருந்தாவ. எந்தத் தெருவுல அவளுக்கு ஓட்டு விழுந்ததோ அந்தத் தெருவுலயே, ஓ இதுக்குத்தானா ஓடை ஓடைன்னு கெடந்தான்னு பேசினாவ. தையல் கடைக்கு ஆளு வரத்து நின்னு போச்சு. பகவதி ஒரு நாள் ஜாக்கெட் துணிய எடுத்துக்கிட்டுக் கெளம்புனா. நான்தான் இப்ப வேண்டாம்னு உள்ள போவச் சொன்னேன்.

அவள எறக்குததுக்குக் கூட்டம் போட்டாவ. மேல இருந்து ஒரு அதிகாரி வந்து நடு நாற்காலியில உக்காந்தாரு. உனக்கு என்னம்மா சொல்லணும்னு கேட்டாரு. நீளமா ஏதோ பேசப் போறான்னுதான் எல்லாரும் நெனச்சோம். அவ என்னையப் பாத்து நின்னா.

"சித்தப்பா, இது நீங்க எங்கிட்ட வாங்குன வெறுந்தாளா இல்லியா? நீங்க மட்டும் சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் ஏத்துக்கிடுதேன்."

இப்படியா ஒரு மனுசன மாட்டி விடுவாவ? அத்தன பேரும் என்னையப் பாக்காவ. வாசல்ல ஒன்றியத்தோட கார் நிக்கி. மேல ஃபேன் ஓடுது, நான் அதப் பாத்துக்கிட்டு இருந்தேன். "எத்தனையோ தாள்ல எத்தனையோ கையெழுத்து வாங்கியிருக்கேன், குறிப்பா இது ஞாபகத்துல இல்ல"ன்னேன். பொய்யின்னு சொல்ல முடியாது, பாத்துக்கிடுங்க. எட்டுத் தாள்ல அது எந்தத் தாளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

"சரி சித்தப்பா"ன்னா. பொறவு அந்த அதிகாரியப் பாத்து, "பதவிய எடுத்துக்கிடுங்க சார். ஓடைய எடுக்காதிய"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டா. அழுதாளான்னு கேட்டாவ பலரும். அழல. அழுதிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

அதுக்குப் பொறவு தலைவர் பொறுப்பு என் தலையில. மறு வாரம் கூட்டம். கூட்டத்துக்கு முந்தின நாள் அவ என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. உள்ள வான்னு பகவதி கூப்பிட்டா. வரல.

"போடாதிய சித்தப்பா. போட்டா நாளைக்கு நீங்கதான் நிக்கணும். அவரு கையெழுத்து எந்தப் பேப்பர்லயும் இருக்காது."

எப்படி மிரட்டுதா பாருங்க! என் வீட்டு வாசல்லயே வந்து! எனக்குக் கோவம் வந்து கதவச் சாத்திட்டேன். மறுநாள் போட்டேன். ஒன்றியம் தோள்ல தட்டுனாரு. "இப்பத்தான் நீரு தலைவரு"ன்னாரு. உண்மையச் சொன்னா அந்த ஒரு நாள் நல்லாத்தான் இருந்தது.

அவ சும்மா இருக்கல. திங்கக்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்பா. மண்ணு அள்ளுத வண்டி வந்த அன்னைக்கி ஓடைக்குள்ள எறங்கி நின்னா. கூட யாரும் வரல, அவளும் அவ மகளும்தான். போலீஸ் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயி சாயங்காலம் விட்டாவ. ஓடைய மூடியாச்சு. பஸ் ஸ்டாண்டும் வந்துட்டு. திறப்பு விழாவுல கல்வெட்டுல என் பேரு போட்டாவ. ஒன்றியம் பேரு இருக்கும்னு நெனச்சேன், வேண்டாம்னுட்டாராம். என்ன ஒரு பெருந்தன்மைன்னு பகவதிட்ட சொன்னேன்.

நாலாவது வருசம் கார்த்திகையில மழை. அஞ்சு நாள் விடல. இருவது வருசமா நெறயாத குளம் நெறஞ்சிட்டு. பகல் பதினோரு மணி இருக்கும், கீழக்காலனிக்குள்ள தண்ணி எறங்கிட்டு. நாப்பது வீடு. சனங்க எல்லாரும் மேட்டுக்கு ஓடி வந்துட்டாவ. கோயில்பிள்ளைன்னு ஒருத்தரு, எங்க பேரூராட்சியில துப்புரவு வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. அவரு சம்சாரம் சண்முகத்தாய் படுத்த படுக்கை. அவள விட்டுட்டு வர மாட்டேன்னு உள்ளயே இருந்துட்டாரு. கழுத்தளவுத் தண்ணியில முப்பிடாதி போயிருக்கா. கதவு தெறக்கல.

ரெண்டு பேரும் போயிட்டாவ.

நான் என் வீட்டு மொட்டை மாடியில நின்னேன். அதிகாரிகளுக்கு மாத்தி மாத்திப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். அதுவும் ஒரு வேலதானே? கோயில்பிள்ளை என்னைய எங்க பாத்தாலும் தலையில கட்டுன துண்ட எடுத்துருவாரு. நல்ல மனுசன். அதப் பத்தி ரொம்பப் பேசுனா நெஞ்சு படபடங்கும், டாக்டர் பேசக் கூடாதுன்னிருக்காரு.

கேஸ் ஆச்சு. ஓடைய மூடச் சொன்னது யாருன்னு புத்தகத்தப் பாத்தா, பொறுப்புத் தலைவர் நம்பிராசன். என் கையெழுத்து. பேரூராட்சி ஆபீசர் கையெழுத்தும் உண்டு, அவரு இடையில இறந்துட்டாரு. அப்ப நான் மட்டும்தான் மிச்சம். ஒன்றியம் செத்தவங்க வீட்டுக்கு வந்து மாலை போட்டு அழுதாரு. எனக்கு வக்கீல் வச்சுக் குடுத்ததும் அவருதான். வாய்தா வாய்தான்னு மூணு வருசமா இந்த பஸ்ஸுல போயிட்டு வாறேன்.

போன வாய்தாவுல முப்பிடாதிய சாட்சிக்குக் கூப்பிட்டாவ. நான் கூண்டு பக்கத்துல நிக்கேன். பழிவாங்கிருவான்னுதான் நெனச்சேன். அவ சொல்லுதா: "அந்தத் தீர்மானத்த எழுதினது இவரு இல்ல. ஒன்றியச் செயலாளர் வீட்டுல டைப் அடிச்ச தாளு. அதோட நகல் அப்பவே எடுத்து வச்சிருக்கேன்"னு எடுத்துக் குடுத்தா. எனக்கு உயிரே வந்துட்டு. அதோட நிறுத்தியிருக்கலாம்லா? நிறுத்த மாட்டேங்கா. "ஆனா இவரு தெரிஞ்சுதான் போட்டாரு. ஓடைய மூடுனா காலனிக்குள்ள தண்ணி வரும்னு நான் ரெண்டு தடவ சொன்னேன்"ங்கா. இந்தப் பின்பாதிய யாரு கேட்டா? முன்பாதியோட நின்னிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். இதத்தான் நான் எல்லார்ட்டயும் கேக்கேன், முன்பாதியோட நின்னிருந்தா அவளுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?

என் வக்கீலே பொறவு சொன்னாரு, பரவாயில்ல, நீங்களும் அவங்க சொன்னது உண்மைன்னு சொல்லுங்க, கேஸ் ஒன்றியம் பக்கம் திரும்பிரும், உங்களுக்குக் கொறஞ்சிரும்னு. ஒன்றியம் வச்ச வக்கீல், அவரே மெதுவாச் சொன்னாரு. நல்ல பையன். மறுநாள் அவர மாத்திட்டாவ.

போன வாரம் ஒன்றியம் வீட்டுக்கே வந்தாரு. இசக்கிய இப்ப மேனேஜர் ஆக்கியாச்சு. அவன் குடியிருக்குத வீடும் அவரு எடத்துலதான். மருமக ஏழு மாசம். "எல்லாத்தையும் நீரே ஏத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும். குடும்பத்த நான் பாத்துக்கிடுதேன்"ன்னாரு. இசக்கி பக்கத்துல நின்னான். நான் அவன் மூஞ்சியப் பாத்தேன். வேண்டாம்ப்பான்னு ஒரு வார்த்த சொல்லுவான்னு பாத்தேன். "அப்பா சொல்லிருவாவ, நீங்க கவலப்படாதிய"ன்னு அவருட்ட சொல்லுதான்.

இன்னைக்கிக் காலையில ஜட்ஜ் அம்மா என்னையக் கேட்டாவ. "அந்த சாட்சி சொன்னது உண்மையா? அந்தத் தாள உங்களுக்குக் குடுத்தது யாரு?"

"யாரும் குடுக்கல. நானே தயார் பண்ணுனது."

"யோசிச்சுச் சொல்லுங்க. யாராவது நிர்ப்பந்தம் பண்ணுனாங்களா?"

"இல்லம்மா. என் சொந்த முடிவு."

மூணு தடவ கேட்டாவ சார். அந்தம்மாவுக்கு ஏதோ தோணியிருக்கு. மூணு தடவயும் நான் அதையேதான் சொன்னேன். மூணாந் தடவ சொல்லும்போது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. தீர்ப்பு அடுத்த மாசம்.

வெளிய வராந்தாவுல முப்பிடாதி நின்னா. "ஏன் சித்தப்பா? ஜட்ஜ் அம்மா மூணு தடவ கேட்டாவள்லா, கதவு தெறந்துதானே இருந்தது"ன்னா. எனக்கு வந்துச்சே கோவம். "உனக்கென்னம்மா, பிள்ள குட்டி இருந்தா தெரியும்"னுட்டேன். அவளுக்கும் மக இருக்கு. நர்ஸுக்குப் படிக்கி. ஏதோ வாய் தவறி வந்துட்டு. ஃபைல எடுத்துக்கிட்டுப் படி எறங்கிப் போயிட்டா. அவட்ட இதுதான் எனக்குப் பிடிக்காதது. ஏசிட்டாவது போகலாம்லா.

ஒரு நிமிசம், போன் அடிக்கி. இசக்கிதான்.

ம். ஆமா. சொல்லிட்டேன். ஆமாய்யா. அப்படியா? சரி. சரி, வைக்கேன்.

ஒன்றியம் ரொம்ப சந்தோஷப்பட்டாராம். வேற ஒண்ணும் இல்ல. தீர்ப்பு என்னைக்குன்னு கேக்க மறந்துட்டான் பாவம், வேலையா இருப்பான்.

அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேல தெரியுதா? அவதான். கையில ஃபைல் இருக்கு பாருங்க. என்ன செய்ய, இந்த நேரத்துக்கு எங்க ஊருக்கு இந்த ஒரு பஸ்தான். நான் இங்க இருக்குதது அவளுக்குத் தெரியும். திரும்பிப் பாக்க மாட்டா.

எங்க தெரு ஸ்டாப்பு வந்துட்டு. அங்க பாருங்க, அஞ்சாறு பேரு கையில பேப்பரோட நிக்காவ. அவளுக்காகத்தான். பதவி போயி ஆறு வருசம் ஆச்சு, இன்னும் மனு எழுத, ஆபீசுக்குக் கூட வரச் சொல்லன்னு அவளத்தான் தேடுதாவ. அன்னைக்கி அவளப் பேசுன அதே சனங்கதான். வெக்கமே கிடையாது.

என் ஸ்டாப்பும் இதுதான் சார். அந்தா, நீலக் கேட்டு, என் வீடு. இல்ல, நான் எறங்கல. அடுத்த ஸ்டாப்பு ரெண்டு கிலோமீட்டர், அங்க எறங்கி நடந்து வந்துருவேன். வாய்தா நாள்ல எல்லாம் அப்படித்தான். நீங்க கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காந்துக்கிடுங்க. சன்னல் வழியா அவங்க பாத்துருவாவ. ஆங், அப்படித்தான். பஸ் எடுக்கட்டும்.